மருத்துவருக்கும் ஓர் உடல் உண்டு

 

இம்மாதம் என்னுடைய குற்றம் ஒன்றை ஒப்புக்கொண்டு இப்பகுதியைத் தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்த ஓர் இரவு. என் இளைய மகனுக்கு இரண்டு நாள்களாகச் சளி, இலேசான காய்ச்சல். முதல் நாள் மாலையிலேயே அவனை மருத்துவரிடம் காட்டியிருக்கலாம். அஸருக்குப் பின் ஒரு பாடம், மஃரிபுக்குப் பின் ஒரு பாடம், இஷாவுக்குப் பின் ஒரு நிக்காஹ் பேச்சு என்று நானே என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். இரண்டாம் நாள் இரவு பத்தரை மணிக்கு, வீட்டில் வற்புறுத்தவே, பையனைத் தோளில் சாய்த்துக்கொண்டு போய் அடுத்த தெரு மருத்துவரின் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

அவர் துணைவியார் கதவைத் திறந்தார். "தப்பா நினைச்சுக்காதீங்க பாய். மத்தியானச் சோத்தையே இப்பத்தானுங்க சாப்பிட உட்கார்ந்தாரு" என்றார். நான் பதில் சொல்வதற்குள் மருத்துவரே கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். பையனை மடியில் வைத்துப் பார்த்தார். காய்ச்சல் 99 டிகிரி. "பயப்பட ஒண்ணுமில்லீங்க பாய்" என்று சொல்லி, வீட்டில் இருந்த மருந்தையே எடுத்துக் கொடுத்தார். கட்டணம் வாங்க மறுத்துவிட்டார். திரும்பும்போது பாதி திறந்திருந்த உள்கதவு வழியாக அவருடைய தட்டைக் கண்டேன். பிசைந்த சோறு பிசைந்தபடியே காய்ந்துகொண்டிருந்தது.

அப்போது எனக்கு வெட்கம் வரவில்லை என்பதுதான் என் குற்றம். "எவ்வளவு நல்ல மனிதர்!" என்று மகிழ்ந்தபடியே வீடு வந்து சேர்ந்தேன்.

எட்டு மாதங்கள் சென்றன. அவருடைய கிளினிக் பூட்டிக் கிடந்தது. விசாரித்தபோது செய்தி தெரிந்தது. மாலையில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சில் இறுக்கம் ஏற்பட்டிருக்கிறது. வாயு என்று தாமே முடிவு கட்டி, தாமே ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு, வெளியே காத்திருந்த பதினொரு பேரையும் பார்த்து அனுப்பியிருக்கிறார். அதன் பிறகே மருத்துவமனைக்குச் சென்றார். இதயத்தின் இரத்தக்குழாய் ஒன்றில் அடைப்பு, ஸ்டென்ட் பொருத்தினார்கள். இறைவனின் அருளால் உயிர் தப்பினார். அங்கே எடுத்த இரத்தப் பரிசோதனையில் சர்க்கரை நோயும் தெரியவந்தது. நாள்தோறும் நாற்பது ஐம்பது சர்க்கரை நோயாளிகளைப் பார்த்துவந்த அந்த மனிதர், தம்முடைய சர்க்கரை அளவை மூன்று ஆண்டுகளாகப் பார்க்கவே இல்லை.

நலம் விசாரிக்கச் சென்ற என்னிடம், "எனக்கு யாருங்க பாய் டாக்டரு? நானேதானுங்களே!" என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. காய்ந்துபோன அந்தச் சோற்றுத் தட்டு அன்றுதான் என் கண்முன் வந்து நின்றது.

ஆலைத் தொழிலாளிக்குக் கணக்குண்டு

எங்கள் சிங்காநல்லூர் பஞ்சாலைகளின் ஊர். மூன்று ஷிப்டும் ஆலைச் சங்கும் இங்குள்ள மூத்தவர்களின் வாழ்வோடு கலந்தவை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், வயது வந்த ஒரு தொழிலாளியிடம் வாரத்திற்கு 48 மணி நேரத்திற்கு மேல் வேலை வாங்கலாகாது என்று வரையறுத்தது. தொழிலாளி நோயுற்றால் மருத்துவம் பெற ஈ.எஸ்.ஐ. திட்டம் வந்தது. தமிழகத்தில் அத்திட்டம் முதன்முதலில் நடைமுறைக்கு வந்த ஊர் கோயம்புத்தூர்தான், ஆண்டு 1955. காமராஜர் சாலையில் நாம் நாள்தோறும் கடந்து செல்லும் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை அந்த வரலாற்றின் சின்னம். 2016 முதல் அது மருத்துவக் கல்லூரியாகவும் விளங்குகிறது.

இப்போது ஒன்றை எண்ணிப் பாருங்கள். அங்கே படுக்கையில் இருக்கும் தொழிலாளிக்கு வாரம் 48 மணி என்ற கணக்கு இருக்கிறது. ஆனால், நம் நாட்டு மருத்துவமனைகளில் நோயாளியின் அருகே நிற்கும் இளம் மருத்துவருக்கு அந்தக் கணக்கு நடைமுறையில் இருக்கிறதா?

ஏட்டில் இருந்தது. 1992 ஜூன் மாதத்தில் மத்திய சுகாதார அமைச்சகம் பயிற்சி நிலை மருத்துவர்களுக்கென ஓர் ஆணை வெளியிட்டது. தொடர்ந்த பணி சாதாரணமாக நாளொன்றுக்கு 12 மணியைத் தாண்டக் கூடாது, வாரத்திற்கு 48 மணி, சுழற்சி முறையில் வாரம் ஒரு விடுமுறை என்று அது கூறியது. ஆலைத் தொழிலாளிக்கு உரிய அதே 48 மணி! ஆனால், தேசிய மருத்துவ ஆணையம் 2023இல் கொண்டுவந்த முதுகலை மருத்துவக் கல்வி விதிகளில் எண்ணைக் காணோம். நியாயமான நேரம் வேலை செய்ய வேண்டும், நியாயமான ஓய்வு தரப்பட வேண்டும் என்னும் சொற்களே இருக்கின்றன. நியாயம் எத்தனை மணி என்பதை யார் முடிவு செய்வது? அதே ஆணையம் அமைத்த மனநலப் பணிக்குழு 2024இல் தந்த அறிக்கை, வாரத்திற்கு 74 மணிக்கு மேல் வேலை வாங்க வேண்டாம், வாரம் ஒருநாள் ஓய்வு கொடுங்கள், நாளொன்றுக்கு 7 முதல் 8 மணி உறக்கம் அமையட்டும் என்று பரிந்துரைத்தது. 74 மணி என்பதே ஒரு சலுகையாகத் தோன்றுமளவுக்கு நிலைமை இருக்கிறது என்பதை இதிலிருந்து நாம் உணரலாம்.

2021 மே மாதத்தை நம்மில் யார் மறக்க முடியும்? கொரோனாவின் இரண்டாம் அலையில் கோவை மாவட்டம் அன்றாடத் தொற்று எண்ணிக்கையில் சென்னையையும் முந்தியது. நாளொன்றுக்கு நான்காயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். சிங்காநல்லூர் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை கொரோனா மருத்துவமனையாக இயங்கியது. மே 30ஆம் நாள் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அவர்களே பாதுகாப்பு உடை அணிந்து அதன் நோயாளர் பகுதிக்குள் சென்று வந்தார். அந்த உடை எத்தகையது என்பதை அணிந்தவரே அறிவர். அணிந்தபின் ஒரு மிடறு தண்ணீர் அருந்த முடியாது. இயற்கைக் கடனுக்கும் செல்ல முடியாது. உள்ளே வியர்வை ஆறாக ஓடும். கைதட்டினோம்; விளக்கேற்றினோம்; மலர் தூவினோம். அலை ஓய்ந்த பின், அந்த மனிதர்கள் உறங்கினார்களா என்று கேட்டோமா?

ஒரு மாணவியின் வாக்குமூலம்

என்னிடம் மக்தபில் ஓதிய பெண்பிள்ளை ஒருத்தி மருத்துவம் படித்து, வெளியூர் மருத்துவமனை ஒன்றில் ஹவுஸ் சர்ஜனாகச் சேர்ந்தாள். சில மாதங்களுக்குப் பின் அவள் தாயார் கண்ணீருடன் வந்தார். "ஹஜ்ரத், புள்ள போனை எடுக்க மாட்டேங்குது. எடுத்தாலும் நாலு வார்த்தைதான். எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழுது. யாரு கண்ணு பட்டுச்சோ, ஓதித் தண்ணி கொடுங்க" என்றார்.

ஓதிக் கொடுத்தேன். கூடவே, "பிள்ளை ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் உறங்குகிறாள்?" என்று கேட்டேன். தாயாருக்குத் தெரியவில்லை. அதுவரை அவர் அதைக் கேட்டதே இல்லை.

பெருநாள் விடுப்பில் வந்த அந்தப் பெண் முதல் நாள் முழுவதும் உறங்கினாள். மறுநாள் தாயாருடன் என்னைக் காண வந்தாள். நெடுநேரம் தலைகுனிந்திருந்துவிட்டுச் சொன்னாள்: "ஹஜ்ரத், முப்பது மணி நேரத்துக்கும் மேலாக நின்றுகொண்டிருந்த ஒரு விடியற்காலையில் எங்கள் வார்டில் ஒரு மூதாட்டி இறந்துபோனார். முதலில் எனக்குத் தோன்றியது என்ன தெரியுமா? 'ஒரு படுக்கை காலியாயிற்று' என்பதுதான். அழுகை வரவில்லை. 'இன்னா லில்லாஹி' என்று சொல்லக்கூட நாக்கு எழவில்லை. அன்று முதல் என்னைப் பார்த்தால் எனக்கே அச்சமாக இருக்கிறது."

வாசகப் பெருமக்களே! அந்தப் பெண்ணின் இதயம் கல்லாகிவிட்டதா? இல்லை. கல்லானவர்களுக்கு அச்சம் வராது. அவளுக்கு நேர்ந்ததற்கு அறிஞர்கள் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்.

உள்ளம் எரிந்து தீர்ந்த நிலை

1974இல் அமெரிக்க உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர், பிறருக்குத் தொண்டு செய்வோரிடம் காணப்படும் ஒருவகைச் சோர்வை 'பர்ன்-அவுட்' என்று குறித்தார். எண்ணெய் தீர்ந்து திரி கருகுவது போன்ற நிலை எனலாம். பின்னர் கிறிஸ்டினா மாஸ்லாக் என்னும் ஆய்வாளர் அதற்கு மூன்று அடையாளங்களை வகுத்துச் சொன்னார். முதலாவது, உணர்ச்சி வற்றிப்போதல். எவ்வளவு ஓய்வெடுத்தாலும் மனம் எழாமை. இரண்டாவது, எதிரில் இருப்பவரை மனிதராகக் காணாமல் ஒரு பொருளாக, ஓர் எண்ணாகக் காணுதல். மூன்றாவது, 'நான் செய்யும் வேலையால் என்ன பயன்?' என்னும் வெறுமை. என் மாணவி சொன்னது அந்த இரண்டாவது அடையாளம். உலக சுகாதார அமைப்பு 2019இல் இதனைத் தன் நோய் வகைப்பாட்டு ஏட்டில் குறிப்பிட்டது. எனினும் இது தனிமனிதரின் நோயன்று, வேலைச் சூழலால் விளையும் நிலை என்றே தெளிவுபடுத்தியது. அந்தத் தெளிவு முக்கியமானது. பழுது அந்தப் பெண்ணிடம் மட்டும் இல்லை என்று அதற்குப் பொருள்.

மேலே சொன்ன 2024ஆம் ஆண்டுப் பணிக்குழு, இணையவழியே மாணவர்களிடமும் ஆசிரியர்களிடமும் கருத்துக் கேட்டது. பதிலளித்த இளநிலை மருத்துவ மாணவர்களில் நூற்றுக்கு 16 பேரும், முதுகலை மாணவர்களில் நூற்றுக்கு 31 பேரும், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் தங்களுக்கு எழுந்ததாகக் கூறினர். 'எங்கள் பிள்ளைக்கு டாக்டர் சீட் கிடைத்துவிட்டது' என்று தெருவெல்லாம் இனிப்பு வழங்கும் பெற்றோர், இந்த எண்களைச் சற்று நின்று படிக்க வேண்டும்.

உறக்கமின்மை உடலை மட்டுமா வாட்டுகிறது? 1997இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் ஒரு சோதனை செய்தார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராம் மது கலந்தவரின் செயல்திறன் அளவுக்குத் தாழ்ந்துவிடுகிறது என்று கண்டார்கள். நம் நாட்டில் வாகனம் ஓட்டுவோருக்குச் சட்டம் வைத்துள்ள எல்லை 30 மில்லிகிராம்தான். வாழ்நாளில் ஒரு துளி மதுவைத் தொடாத மருத்துவர், முப்பது மணி நேரம் விழித்திருந்துவிட்டு ஊசியைக் கையில் எடுக்கும்போது, அவருடைய மூளை எந்த நிலையில் இருக்கும் என்பதை நீங்களே கணித்துக்கொள்ளுங்கள். அமெரிக்கத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்து 2004இல் வெளியான ஓர் ஆய்வில், நீண்ட நேர முறையில் பணிபுரிந்த பயிற்சி மருத்துவர்கள், குறைந்த நேரம் பணிபுரிந்தபோது செய்ததைவிட 36 சதவீதம் அதிகமாகக் கடும் தவறுகள் செய்தது தெரியவந்தது. ஆகவே மருத்துவரின் ஓய்வு அவருக்கு நாம் காட்டும் சலுகை அன்று. அது நம் பிள்ளைகளின் பாதுகாப்பு.

முன்னோர் வாழ்வில் ஒரு பாடம்

வரலாறு பயின்றவன் என்ற முறையில் பழைய ஏடுகளைப் புரட்டிப் பார்த்தேன். இந்தத் துன்பம் புதியதன்று.

பாரசீகத்து ரய் நகரில் பிறந்த அபூபக்ர் அர்ராஸீ, ரய்யிலும் பக்தாதிலும் மருத்துவமனைகளை நடத்தியவர். தம் பெருநூலுக்காகப் பதினைந்து ஆண்டுகள் இரவும் பகலும் உழைத்ததில் பார்வை மங்கிற்று, எழுதும் கையின் தசையும் கெட்டது என்று அவரே பதிவு செய்திருக்கிறார். கடைசியில் பிறரைக் கொண்டு படிக்கவும் எழுதவும் வேண்டியதாயிற்று.

ஐயூபி சுல்தான்களின் அரசவை மருத்துவராக எகிப்தில் வாழ்ந்த யூத அறிஞர் மூஸா இப்னு மைமூன், 1199இல் ஒரு நண்பருக்கு எழுதிய கடிதம் உலகப் புகழ் பெற்றது. அவர் குடியிருந்தது ஃபுஸ்தாத்தில். அரசவை இருந்தது சுமார் ஒன்றரை மைலுக்கு அப்பால், கெய்ரோவில். நாள்தோறும் அதிகாலையில் அரண்மனை செல்வார். நண்பகல் கழிந்து பசியோடு வீடு திரும்பினால், பெரியோரும் எளியோரும் நண்பரும் பகைவருமாக முற்றம் நிறைந்திருக்கும். கையைக் கழுவிவிட்டு, சற்றே பொறுத்தருளுமாறு அவர்களை வேண்டிக்கொண்டு, சிறிதளவு உண்பார். இருபத்து நான்கு மணி நேரத்தில் அதுவே அவருக்குக் கிடைக்கும் உணவு. பிறகு இரவு வரை மருத்துவம். களைப்பு மிகுந்து படுத்தபடியே மருந்து சொல்லும் நிலையும் வரும். முடிவில் பேசவும் வலுவிருக்காது. இதில் ஒரு முரணையும் காண்கிறோம். சுல்தான் ஸலாஹுத்தீன் அவர்களின் மைந்தர் அல் அஃப்ழலுக்காக, உடல்நலம் பேணுவது எப்படி என்று ஒரு நூலையே எழுதிக் கொடுத்தவர் இவர்! உடலுழைப்பு, அளவான உணவு, மன அமைதி ஆகியவற்றை அரசகுமாரருக்கு எடுத்துரைத்தவருக்குத் தம் வீட்டில் ஒரு வேளைச் சோறு நிம்மதியாக வாய்க்கவில்லை.

எண்ணூறு ஆண்டுகள் கழித்து, அதே காட்சியைச் சிங்காநல்லூரில் ஒரு பாதி திறந்த கதவு வழியே நான் கண்டேன்.

இவர்களுக்கெல்லாம் முன்பே, ஒன்பதாம் நூற்றாண்டில் இஸ்ஹாக் இப்னு அலீ அர்ருஹாவீ என்பவர் 'அதபுத் தபீப்' என்னும் பெயரில் மருத்துவருக்குரிய ஒழுக்கங்களை நூலாக எழுதினார். மருத்துவர் தம் சொந்த உடலை எவ்வாறு பேண வேண்டும் என்பதற்கு அதன் தொடக்கத்திலேயே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். உலக மருத்துவச் சங்கத்தின் ஜெனீவா உறுதிமொழி 1948இல் உருவானது. மருத்துவர் தம் உடல்நலத்தையும் பேணுவேன் என்று உறுதி கூறும் வரி அதில் சேர்க்கப்பட்டது 2017இல்தான். அர்ருஹாவீ சொன்னதை உறுதிமொழியில் எழுத உலகுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இவ்விடத்தில் ஸல்மான் ஃபார்ஸீ (ரலி), அபூதர்தா (ரலி) ஆகியோரின் வரலாறு நினைவுக்கு வருவது இயல்பே. பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை என்றிருந்த அபூதர்தாவின் வீட்டுக்கு விருந்தினராகச் சென்ற ஸல்மான், அவரை உண்ண வைத்தார், உறங்க வைத்தார், இரவின் இறுதியில் எழுப்பித் தம்முடன் தொழ வைத்தார். இறைவனுக்கும் குடும்பத்துக்கும் உரிமை இருப்பது போலவே அவருடைய ஆன்மாவுக்கும் அவர்மீது உரிமை உண்டு என்று எடுத்துரைத்தார். ஸல்மான் சொன்னது உண்மையே என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் உறுதி செய்தார்கள். இறைவணக்கத்துக்கே இந்த எல்லை என்றால், தொழிலுக்கு எல்லை இல்லையா?

நம் வீடுகள் செய்யத்தக்கவை

"டாக்டர்கள் கைநிறையச் சம்பாதிக்கிறார்கள்; அவர்களுக்காக நாம் ஏன் இரங்க வேண்டும்?" என்று ஒரு நண்பர் கேட்டார். சம்பாதிப்பவர்களும் உண்டு. ஆனால், பணம் உறக்கத்தைத் திருப்பித் தராது. மேலும், நான் சொல்லவந்தது இரக்கம் அன்று, முறைமை.

முதலாவதாக, எது காத்திருக்கும், எது காத்திருக்காது என்பதைக் குடும்பத்தார் அறிந்திருக்க வேண்டும். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வாய் கோணுதல், ஒரு பக்கக் கை கால் தளர்தல், வலிப்பு, நில்லாத இரத்தப்போக்கு, நஞ்சு, பாம்புக்கடி, பால் குடிக்க மறுத்துத் துவளும் குழந்தை, கர்ப்பிணிக்கு இரத்தம் படுதல் ஆகியவை ஒரு நிமிடமும் காத்திருக்கலாகாதவை. நள்ளிரவானாலும் தயங்காதீர்கள், 108-ஐ அழைத்து நேரே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அங்கே இரவுப் பணிக்கென்றே ஆள்கள் இருக்கிறார்கள். இரண்டு நாள் இலேசான சளி, பழைய மூட்டுவலி, மருந்துச் சீட்டில் சந்தேகம், ஆய்வக அறிக்கையைக் காட்டுதல் போன்றவை விடியும்வரை காத்திருக்கும்.

இரண்டாவதாக, கல்யாண வீட்டில் பிரியாணித் தட்டோடு உட்கார்ந்திருக்கும் மருத்துவரிடம் சட்டைக் கையை மடக்கிக் காட்டும் வழக்கத்தை விட்டொழியுங்கள். பள்ளிவாசல் வாயிலிலும் அப்படியே. தொழ வந்தவரைத் தொழவிடுங்கள்.

மூன்றாவதாக, நம் ஜமாஅத்துகள் நடத்தும் இலவச மருத்துவ முகாம்களைப் பாருங்கள். வாரம் முழுவதும் உழைத்தவரை ஞாயிற்றுக்கிழமை அழைத்து வந்து, பொன்னாடை போர்த்தி, முந்நூறு பேரை வரிசையில் நிறுத்திவிடுகிறோம். மூன்று மணி வரை அவர் எழுந்திருக்க முடிவதில்லை. டோக்கன் எண்ணிக்கைக்கு வரம்பு வையுங்கள். லுஹர் தொழுகைக்கும் உணவுக்கும் நேரம் ஒதுக்குங்கள். பொன்னாடையைவிட அது மேலான மரியாதை.

நான்காவதாக, நோயாளி இறந்துவிட்டால் மருத்துவர்மீது கை ஓங்கும் இழிசெயல் நம்மில் எவரிடமும் தலைகாட்டக் கூடாது. தமிழகத்தில் 2008 முதல் இதற்கெனத் தனிச் சட்டமே இருக்கிறது. இருந்தும் 2024 நவம்பரில் சென்னை அரசு மருத்துவமனை ஒன்றில் புற்றுநோய் மருத்துவர் ஒருவர், நோயாளியின் மகனாலேயே கத்தியால் குத்தப்பட்டார். ஐயம் இருந்தால் கேட்கவும் முறையிடவும் வழிகள் உண்டு. அஞ்சியபடி பணிபுரியும் கை நோயைத் தீர்க்காது.

ஐந்தாவதாக, மருத்துவம் பயிலும் பிள்ளைகளைப் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. தொலைபேசியில் மதிப்பெண்ணையும் மாப்பிள்ளை விவகாரத்தையும் பேசுவதற்கு முன், "சாப்பிட்டாயா? எத்தனை மணி நேரம் தூங்கினாய்?" என்று கேளுங்கள். பிள்ளையின் பேச்சு சுருங்கினால், எரிச்சல் மிகுந்தால், வாழ்வில் சலிப்பைச் சொன்னால், அதைக் கண்திருஷ்டி என்று மட்டும் தள்ளிவிடாதீர்கள். துஆவும் செய்யுங்கள், மருத்துவமும் பாருங்கள். மத்திய அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416. 2022 அக்டோபர் முதல் இயங்கும் இதனைக் கட்டணமின்றி எந்த நேரமும் அழைக்கலாம். மனநல மருத்துவரை நாடுவது ஈமானின் குறைவு அன்று.

மருத்துவச் சகோதர சகோதரிகளுக்கு

இப்பக்கத்தைப் படிக்கும் மருத்துவர்களுக்கு அறிவுரை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால், நீங்கள் எங்களுக்குச் சொன்னவற்றையே உங்களிடம் திருப்பிச் சொல்லலாம் அல்லவா?

உங்களுக்கென ஒரு மருத்துவரை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நோயை நீங்களே கணிக்காதீர்கள். உங்களுக்கு நீங்களே மருந்து எழுதாதீர்கள். நாற்பதைக் கடந்தவர்கள் இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றை ஆண்டுக்கு ஒருமுறையேனும் பாருங்கள். மதிய உணவுக்கு என்று ஒரு நேரம் குறித்து, அதைக் கிளினிக் பலகையிலேயே எழுதிவிடுங்கள், மக்கள் பழகிக்கொள்வார்கள். பக்கத்து ஊர் மருத்துவர் ஒருவரோடு பேசி வைத்து, வாரத்தில் ஓர் இரவு உங்கள் நோயாளிகளை அவரும், ஓர் இரவு அவருடைய நோயாளிகளை நீங்களும் பார்த்துக்கொள்ளுங்கள். இரவுப் பணி முடித்தவுடன் நீங்களே வண்டியை ஓட்டிக்கொண்டு நெடுந்தூரம் போகாதீர்கள். ஒரு நோயாளியின் மரணம் நெஞ்சை அழுத்தினால், நம்பிக்கைக்குரிய ஒரு தோழரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அழுவது உங்கள் பட்டத்துக்கு இழுக்கு அன்று.

மூத்த மருத்துவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். "நாங்கள் அந்தக் காலத்தில் இரண்டு நாள் தூங்காமல் வேலை பார்த்தோம்" என்று இளையவர்களிடம் பெருமை பேசாதீர்கள். நீங்கள் பட்ட துன்பத்தை அவர்களுக்குச் சீதனமாகத் தர வேண்டாம். என் மாணவியைக் காப்பாற்றியது அவளுடைய பேராசிரியை ஒருவர். அவளை ஒருநாள் அழைத்துப் பேசி, பணிநேரப் பட்டியலை மாற்றி அமைத்து, மனநல மருத்துவரிடமும் அனுப்பி வைத்தார். இன்று அவள் முதுகலை படிக்கிறாள். சென்ற மாதம் தாயாரிடம் தொலைபேசியில் அரைமணி நேரம் பேசியதாகச் செய்தி வந்தது. அதில் பாதி நேரம் ஒரு நோயாளிக் குழந்தையைப் பற்றியே பேசினாளாம். ஓதிய தண்ணீரும் பலித்தது, உறக்கமும் பலித்தது என்று அந்தத் தாயார் சொல்கிறார்.

எங்கள் தெரு மருத்துவரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இப்போது சுபுஹுத் தொழுதுவிட்டு வரும் வழியில், சிங்காநல்லூர்க் குளக்கரைப் பக்கம் அவர் நடைப்பயிற்சிக்குப் போவதைக் காண்கிறேன். 2017இல் பல்லுயிர்ப் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்ட குளம் அது. விடியலில் பறவைகளின் ஒலி கேட்டுக்கொண்டே இருக்கும். கிளினிக் வாசலில் புதிய பலகை ஒன்று தொங்குகிறது: மதியம் 1.30 முதல் 4 மணி வரை மருத்துவர் இல்லை, ஞாயிறு விடுமுறை.

சென்ற வாரம் என் மகனுக்கு மீண்டும் சளி. மணி மூன்று. குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டவன், அந்தப் பலகை நினைவுக்கு வரவே, குடையை மாட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நான்கரைக்குப் போனோம். சாப்பிட்டு, சற்றே கண்ணயர்ந்து எழுந்த முகத்தோடு அவர் வரவேற்றார்.

"என்னங்க பாய், சாவகாசமா வந்திருக்கீங்க?" என்று கேட்டார்.

"நீங்கள் சாப்பிட்டீர்களா டாக்டர்?" என்று கேட்டேன்.

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். "சாப்பிட்டேனுங்க" என்றார்.

வாசகப் பெருமக்களே! அடுத்த முறை உங்கள் மருத்துவரைக் காணும்போது, உங்கள் நோயைச் சொல்வதற்கு முன் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.

வஸ்ஸலாம்.